நான்கு பந்து பாக்கி

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள் அக்கா. மணி பன்னிரண்டாகப் போகிறது. குழந்தை இப்போதுதான் கண் மூடினான். சளி இன்னும் விடவில்லை. நாளை மாலைக் குடியிருப்புக் கூட்டத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்து காற்றில் உட்கார எனக்குத் துணிவில்லை. அதனால் நான் பேச வேண்டியதை அப்படியே எழுதி உங்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிடுகிறேன். எனக்குப் பதிலாக நீங்கள் மேடையேறி வாசித்துவிட வேண்டும். மருந்துக்கடையில் டாக்டர்களின் கிறுக்கலையே படிக்கிறவர் நீங்கள். என் கையெழுத்தா உங்களுக்குப் பெரிது? அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் வாசிக்காதீர்கள். அது உங்களுக்கு. இனி வருவது ஊருக்கு.

தலைமை ஏற்றிருக்கும் அச்சகத்து ஐயா அவர்களே! ஆண்டுதோறும் கோப்பையும் தந்து, விதிமுறைத் தாளும் அச்சடித்து, நடுவராக நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்ளும் பொறுமைக் கடலே! முன் கட்டடத்து மூத்தவர்களே! பின் கட்டடத்துப் பெரியவர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பால்புட்டியுமாக நின்றபடியே "அது எப்படி அவுட்?" என்று கேட்கத் தெரிந்த தாய்மார்களே! மட்டை பிடித்த மறவர்களே! பந்து பொறுக்கிய பண்பாளர்களே! இரண்டும் செய்யாமல் எல்லைக்கோட்டில் நின்று எல்லோருக்கும் யோசனை சொன்ன ஏந்தல்களே! உங்கள் அனைவருக்கும் மூன்றாம் மாடியிலிருந்து, மூக்கொழுகும் மகனின் முதுகைத் தட்டியபடி, முதற்கண் வணக்கம்.

(இங்கே நிறுத்துங்கள் அக்கா. கைதட்டுவார்கள். தட்டாவிட்டால் தண்ணீர் குடிப்பதுபோல் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் தொடருங்கள்.)

நான் யார் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கலாம். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசாக ஒரு மைப்பேனா வாங்கியவள் நான். அந்தப் பேனாவாலேயே இந்தக் குடியிருப்பின் வரலாற்றைக் கரைத்தவளும் நான்தான். ஆம், போன ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் ஸ்கோர் எழுதியவள்!

அங்கே யார் "ஓஹோ" என்பது? எந்த வரிசையில் இருந்து வந்தாலும் அந்த "ஓஹோ" எனக்கு உரியதே. ஏற்றுக்கொள்கிறேன்.

பெரியோர்களே! ஆறு ஆண்டுகள் முன் கட்டடம் வென்றது. ஆறு ஆண்டுகள் பின் கட்டடம் தோற்றது. தோற்றுத் தோற்று எங்களுக்குத் தோல்வி பழகிவிட்டது. ஆட்டத்துக்கு வரும்போதே ஆறுதல் வார்த்தைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவோம். ஏழாம் ஆண்டில் என்ன ஆயிற்று? முன் கட்டடம் பதினாறு ஓவரில் நூற்றுப் பன்னிரண்டு. நாங்கள் பதின்மூன்று ஓவர் முடிவில் தொண்ணூற்றெட்டு, ஒன்பது விக்கெட் காலி. பதினோராவது ஆளாக, கடைசி நம்பிக்கையாக, கண்ணில் ஒளியோடும் காலில் இரவல் பேடோடும் களமிறங்கியவர் யார்? என் கணவர்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். நானே சிரித்தேன்.

அவர் வண்டி ஓட்டக் கற்றுத் தருபவர். பக்கத்தில் யார் உட்கார்ந்து ஓட்டினாலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை அமுக்கும். ரன் ஓடும்போதும் அப்படித்தான். பாதி வழியில் ஒரு பிரேக் போடுவார். ஆறு ஆண்டுகளில் அவர் எடுத்த மொத்த ரன் இரண்டு. எதிர் முனையில் இருந்தவர் தையற்கடை அண்ணன். அவர் ஒருவர்தான் எங்கள் அணியில் பந்தைப் பார்த்து அடிப்பவர். மற்றவர்கள் எல்லாம் பந்து வரும் திசையை உத்தேசமாக நினைத்து அடிப்பவர்கள்.

இந்த இருவர் நிற்கும்போது ஓர் அதிசயம் நடந்தது. விக்கெட் விழவில்லை! ஒரு பந்து போயிற்று, விழவில்லை. ஒரு ஓவர் போயிற்று, விழவில்லை. எங்கள் கட்டடத்து அறிஞர்கள் அதற்குக் காரணம் தேடினார்கள். காரணம் மட்டையில் இல்லை, மனத்திடத்தில் இல்லை, நான் உட்கார்ந்திருந்த சிவப்பு நாற்காலியில் இருந்ததாம்!

"தங்கச்சி, எழுந்திரிக்காதீங்க! நீங்க உட்கார்ந்ததுக்கு அப்புறம்தான் விக்கெட்டே விழலை."

"குழந்தை நெளியுறான். யாராவது கொஞ்சம் வாங்கிக்கோங்களேன்."

"ஐயையோ, வேண்டாம்! குழந்தையோட சேர்த்துத்தான் ராசி!"

பட்டம் பெற்றவள் நான். மழைக்கும் மேகத்துக்கும் காரணம் படித்தவள் நான். நாற்காலிக்கும் விக்கெட்டுக்கும் என்ன உறவு என்று கேட்க வாய் இருந்தவள் நான். கேட்டேனா? கேட்கவில்லை. ஒரு காலை இன்னொரு காலின் மேல் போட்டிருந்ததைக்கூட மாற்றவில்லை. மரத்துப்போன காலோடு, மடியில் பத்து மாதப் பிள்ளையோடு, கையில் பரிசுப் பேனாவோடு, சிலையாக உட்கார்ந்திருந்தேன். பார்ப்பவர்களின் பைத்தியக்காரத்தனம் என்று நான் காலமெல்லாம் கேலி செய்தது எதுவோ, அதற்கு அன்று நானே மூலஸ்தானம்!

ஓவர் பதினைந்து முடிந்தது. பதினாறாவதில் இரண்டு பந்து முடிந்தது. என் புத்தகத்தைப் பார்த்து எழுதிய பலகையில் நூற்றுப் பத்து. வெற்றிக்கு வேண்டியது மூன்று. மீதி இருந்தது நான்கு பந்து. மட்டையோடு நின்றவர் என் கணவர். பந்தோடு நின்றவர், நம் குடியிருப்பின் மின்வேலை எல்லாம் பார்ப்பவர், அடித்தால் அதிர்ச்சி தரும் வேகத்தால் கரண்ட் அண்ணன் என்று எல்லோராலும் அழைக்கப்படுபவர். அவர் பந்தைத் துடைத்தார். திரும்பினார். ஓடி வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவர் அடியை எண்ணியபடி இரண்டு கட்டடத்து மூச்சும் ஒரே மூச்சாக நின்றது.

கொட்டியதே மழை!

தூறி, அறிவித்து, அவகாசம் கொடுத்து வந்த மழை இல்லை அது. வாளியைக் கவிழ்த்தது போல் வந்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நான்? காலையிலிருந்து "மழை வரும், மழை வரும்" என்று வீட்டிலிருந்த அத்தனை பேரின் காதையும் புளிக்கவைத்தவள் நான்! நாற்காலிக்குக் கீழே இருந்த என் பையில் ஒரு குடை இருந்தது. குழந்தைக்கு மழைக்கோட்டு இருந்தது. துண்டு இரண்டு, தொப்பி இரண்டு, பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று, காய்ச்சல் மருந்து ஒன்று இருந்தது. இத்தனையும் இருக்க, என் மகன் தலைக்கு மேல் நான் விரித்துப் பிடித்தது எதை?

ஸ்கோர் புத்தகத்தை!

(இங்கே கட்டாயம் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். அடுத்தது கொஞ்சம் கனமானது. இதோ, அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து தொடர்கிறேன். சூடில்லை. மூன்று முறை தெர்மாமீட்டர் வைத்தேன், மூன்றும் ஒரே அளவு. நாலாவது முறை சந்தேகம் தீர எனக்கே வைத்துக்கொண்டேன்.)

தாய்மார்களே! தோற்றால் என்ன செய்வோம்? அழுவோம். வென்றால் என்ன செய்வோம்? ஆடுவோம். அழவும் இல்லாமல் ஆடவும் இல்லாமல், தும்மல் மூக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டால் என்ன செய்வோம்? வாயைத் திறந்தபடி, கண்ணைப் பாதி மூடியபடி, முகத்தை வானத்துக்குக் காட்டியபடி நிற்போம். அன்று வண்டி நிறுத்தும் கொட்டகையில் நம்மில் நாற்பது பேர் அப்படித்தான் நின்றோம். ஒருவராவது வீட்டுக்குப் போனோமா? ஒன்றரை மணி நேரம் ஒருவரும் போகவில்லை.

"விட்டுடும். இது வேகமா வந்த மழை. வேகமா போயிடும்."

"மேற்குப் பக்கம் வெளுத்துட்டுது பாருங்க."

"அது மேற்கு இல்லைண்ணே. தெரு விளக்கு போட்டிருக்காங்க."

ஆடுகளம் குளமானது. ஸ்டம்பு மூன்றும் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. அப்போதும் ஒருவர், "ஒரு வாளி எடுத்து இறைச்சா..." என்றார். அவர் யார் என்று சொல்ல மாட்டேன். பேடைக் கழற்றாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்கு வந்தும் கழற்றவில்லை. பேடோடு சாப்பிட உட்கார்ந்தார்.

"கழட்டி வச்சுட்டுச் சாப்பிடுங்களேன்."

"கழட்டினா ஆட்டம் முடிஞ்சதா ஆயிடும். நாலு பந்து இருக்கு. நாலே நாலு பந்து."

அடுத்த நாளும் அதே பேச்சு. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது, ஓட்டப் பழக வந்த பெண்ணிடம், "நாலு பந்து பாக்கி இருந்துது, மூணு ரன் வேணும், நான் ஏற்கனவே மூணு எடுத்திருந்தேன்" என்றாராம். அந்தப் பெண் பயந்துபோய் வண்டியை அணைத்துவிட்டாள்.

இனி விதிமுறைக்கு வருவோம். அச்சகத்து ஐயா அச்சடித்த தாளில் ஒன்பதாவது விதி என்ன சொல்கிறது? மழையால் ஆட்டம் நின்றால், அதே பந்து வரைக்கும் எந்த அணி அதிக ரன் எடுத்திருந்ததோ, கோப்பை அதற்கு. நாங்கள் பதினைந்து ஓவர் இரண்டு பந்தில் நூற்றுப் பத்து. சரி, முன் கட்டடம் அதே இடத்தில் எவ்வளவு? "நூத்தெட்டு" என்றார் தையற்கடை அண்ணன். "நூத்திப்பதினொண்ணு" என்றார் கரண்ட் அண்ணன். அறுதியிட்டுச் சொல்லக்கூடியது உலகில் ஒன்றே ஒன்றுதான். அது என் மகனின் தலையைக் காப்பாற்றப் போய்த் தன் தலையெழுத்தை இழந்து நின்றது. திறந்து பார்த்தால் பக்கமெல்லாம் நீலம். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தால் பிழைத்திருக்கும். "எழுத்து அழகாக இருக்க வேண்டும்" என்று மைப்பேனா எடுத்தவளை என்ன சொல்வது?

அதற்குப் பின் இந்த எட்டு நாள் நாம் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே! பின் கட்டடத்து மாடிப்படி விளக்கு போன திங்கள் போனது. கரண்ட் அண்ணனிடம் சொன்னோம். "நூத்திப்பதினொண்ணுன்னு ஒத்துக்கச் சொல்லுங்க, வந்து மாட்டுறேன்" என்றார். அன்றிலிருந்து இருட்டில் சுவரைத் தடவிப் படி இறங்குகிறோம். முன் கட்டடத்துப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகள் தையற்கடையில் ஒரு கை வைத்தும் ஒரு கை வைக்காமலும் தொங்குகின்றன. "நூத்தெட்டுன்னு சொல்லட்டும், அடுத்த கையை வைக்கிறேன்" என்றாராம். பார்ப்பவர்கள் படும் ஏமாற்றம் இவ்வளவு தூரம் போகுமா என்று கேட்காதீர்கள். போயிருக்கிறதே!

கரண்ட் அண்ணே, எழுந்திருக்காதீங்க. உட்காருங்க. விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம், மகன் தூங்கிய நேரம், அந்தப் புத்தகத்தை இரண்டு துண்டுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டேன். மை போய்விட்டது; ஆனால் நிப் தாளை அழுத்திய தடம் போகவில்லை! டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கட்டமும் தெரிந்தது. ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, ஒரு ரன்னுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு. விரல் வைத்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பதினைந்து ஓவர் இரண்டு பந்தில் முன் கட்டடத்தின் ரன் நூற்று ஒன்பது!

நூற்று எட்டும் இல்லை, நூற்றுப் பதினொன்றும் இல்லை. நூற்று ஒன்பது! அவர்கள் நூற்று ஒன்பது, நாங்கள் நூற்றுப் பத்து! ஏழாண்டில் முதல் கோப்பை! இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஆடினேன். குழந்தை விழித்துவிடுவான் என்று ஒற்றைக் காலில் ஆடினேன்.

பின் கட்டடத்து அன்பர்களே, பொறுங்கள். இன்னும் கைதட்டாதீர்கள். ஐயோ, தட்டாதீர்கள்! நிறுத்துங்கள்.

படித்தவளுக்கு ஒரு வியாதி உண்டு, சரிபார்ப்பது. எங்கள் பக்கத்தையும் டார்ச்சில் பார்த்தேன். பதினைந்தாவது ஓவர், மூன்றாவது பந்து. என் கணவர் ஒரு ரன் எடுத்ததாகக் கோடு. ஆனால் அது என் கோடா? என் கோடு நேராக நிற்கும். இது ஒரு புள்ளியில் தொடங்கி, சரிந்து, கட்டத்தைத் தாண்டி, அடுத்த வரிசைக்குப் போய், அங்கே தாளைக் கிழித்திருந்தது. புள்ளிக்கு வால் முளைத்திருந்தது!

சரி, அவசரத்தில் கை நடுங்கியிருக்கும் என்று மனத்தைத் தேற்றினேன். தேறவில்லை. ஒரு ரன் ஓடியிருந்தால் இருவரும் முனை மாறியிருக்க வேண்டும். அடுத்த பந்தைத் தையற்கடை அண்ணன் ஆடியிருக்க வேண்டும். நாலாவது பந்தை ஆடியது யார்? இரண்டு ரன் எடுத்தது யார்? மறுபடியும் என் கணவர் என்று என் கையெழுத்தே சொல்கிறது.

அன்று இரவு என் மகனின் விரல்களில் இருந்த நீலம் நினைவுக்கு வந்தது. மழையில் கரைந்து ஒட்டியது என்றல்லவா சோப்புப் போட்டுக் கழுவினேன்? எழுந்திருக்காதே என்றார்கள், எழவில்லை. குழந்தையைக் கொடுக்காதே என்றார்கள், கொடுக்கவில்லை. ராசியாக மடியில் இருந்தவன் பேனாவைப் பிடித்து இழுத்தான். இழுத்த இழுப்பில் பின் கட்டடத்துக்கு ஒரு ரன் விழுந்தது!

முதல் வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பவரே! ஏங்க, மன்னிச்சிடுங்க. நீங்கள் எடுத்தது மூன்று இல்லை, இரண்டு. மூன்றாவது உங்கள் மகன் எடுத்தது. இதை வீட்டில் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல்தான் மைக்கில் சொல்கிறேன். வந்து கத்துங்கள். அவன் தூங்கும்போது மட்டும் கத்தாதீர்கள்.

(அவர் எழுந்து வெளியே போனால் கூப்பிடாதீர்கள் அக்கா. அஞ்சு நிமிடத்தில் தானே வந்துவிடுவார். அவர் செருப்பு மேடைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.)

சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று பின் கட்டடத்தில் சிலர் இப்போது பல்லைக் கடிப்பீர்கள். இருந்திருக்கலாம். மை இல்லை. சாட்சி இல்லை. இருந்த ஒரே சாட்சிக்கு இரண்டே பல், பேச்சு வரவில்லை. வியாழன் வாயை மூடினேன். வெள்ளி மூடினேன். சனிக்கிழமை, அவனுக்குச் சட்டை மாற்றும்போது யோசித்தேன். நாளைக்கு இவன் வளர்ந்து, அலுவலக அறைக் கண்ணாடி அலமாரியில் அந்தக் கோப்பையைப் பார்த்து, "இது யாரும்மா ஜெயிச்சது?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? "நீதான்டா" என்றல்லவா சொல்ல வேண்டும்!

ஆகவே, அன்பு நிறைந்தவர்களே, முன் கட்டடம் நூற்று ஒன்பது. பின் கட்டடமும் நூற்று ஒன்பது. அவர்களும் வெல்லவில்லை, நாங்களும் வெல்லவில்லை. சமமாக நின்றால் என்ன செய்வது என்று விதிமுறைத் தாளைப் புரட்டினேன். ஒன்பதாவது விதிக்குக் கீழே, "இங்கு விசிட்டிங் கார்டு குறித்த நேரத்தில் அச்சடித்துத் தரப்படும்" என்று இருக்கிறது. ஐயா, அதனால் சொல்கிறேன். விதி இல்லாத இடத்தில் நாம் விதி செய்வோம்!

கோப்பையைப் பாதியாகப் பிரிக்க வேண்டாம். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று அலையவிட வேண்டாம். எங்களுக்குக் கோப்பையா வேண்டும்? கோப்பைக்காகவா கொட்டகையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம்? கோப்பைக்காகவா ஒருவர் பேடோடு சோறு தின்றார்? கோப்பை இல்லாமல் ஆறு வருடம் இருந்தவர்களுக்கு ஏழாவது வருடம் கனக்காது. முடிவு தெரியாமல் எட்டு நாள் இருந்ததுதான் கனத்தது. தோல்வி வேண்டுமா, தாருங்கள், அழுதுவிட்டுத் தூங்குகிறோம். வெற்றி வேண்டுமா, தாருங்கள், ஆடிவிட்டுத் தூங்குகிறோம். பாதி தும்மலோடு எங்களைப் படுக்கப் போகச் சொல்லாதீர்கள்! மழையிடம் போய் மனுக் கொடுக்க முடியாது. உங்களிடம் கொடுக்க முடியும். மழை எடுத்துக்கொண்டு போனது எத்தனை? நான்கு பந்து. அந்த நான்கு பந்தைத் திருப்பிக் கொடுங்கள்!

அதே ஆடுகளம். அதே கரண்ட் அண்ணன். அதே தையற்கடை அண்ணன் அந்த முனையில். அதே என் கணவர் இந்த முனையில். பலகையில் நூற்று ஒன்பது. வேண்டியது மூன்று இல்லை, நான்கு. நான்கு பந்து, நான்கு ரன். விக்கெட் விழுந்தால் ஏழாவது தடவையாக நாங்களே முதலில் கைகொடுக்கிறோம். யார் வென்றாலும் அன்று மாலையே மாடிப்படி விளக்கு எரியட்டும், சட்டைகளுக்கு இரண்டாவது கை வரட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. ஸ்கோர் வேறு யாராவது எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள். மடியில் யாரும் இல்லாதவர் எழுதுங்கள். சிவப்பு நாற்காலியில் நான் உட்கார மாட்டேன். என் காலில் விழுந்தாலும் உட்கார மாட்டேன். சரி, விக்கெட் விழாமல் இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும், ஓரமாக, கொஞ்சம் உட்காருவேன்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், வாய் வலிக்க வாசித்த மருந்துக்கடை அக்காவுக்கும், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தந்த கரண்ட் அண்ணனுக்கும், இந்தப் பேச்சு முடியும்வரை இருமாமல் தூங்கிய என் மகனுக்கும் நன்றி. வானம் பார்த்துக்கொண்டிருக்கும் அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயா, நாளை மறுநாளிலிருந்து மறுபடியும் மழை என்று சொல்கிறார்கள். என் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். நான்கு பந்து உண்டா இல்லையா என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லி அனுப்புங்கள்.